வெறுத்துப்போன வாக்காளர்களுக்கு: கேள்வி பதில்

(பதில் சொல்பவர் கருவூலத்தில் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்றவர். தேர்தல் நாட்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தவர்.)

எந்தக் கட்சியும் பிடிக்கவில்லை. நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தலாமே? - விருதுநகர் வாசகர்

மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் அப்படி விதியே இல்லை. நோட்டாவுக்கு அடுத்து யார் அதிக ஓட்டு வாங்கினாரோ அவரே எம்எல்ஏ, எம்பி. 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பட்டனைக் கொடுத்தது, பல்லைக் கொடுக்கவில்லை. 2024இல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் மனுவை வாபஸ் வாங்க, நோட்டாவுக்கு 2 லட்சத்து 18 ஆயிரத்துக்கும் மேல் ஓட்டு விழுந்து இரண்டாம் இடம் கிடைத்தது. வென்றவர் டெல்லிக்குப் போய்விட்டார். வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள்.

49பி ஓட்டு 14 சதவீதம் தாண்டினால் மறுவாக்குப்பதிவா? - ஓசூர்

இதுவும் வாட்ஸ்அப் சரக்குதான். தேர்தல் விதி 49பி (49P) சொல்வது இவ்வளவுதான்: உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால், அடையாளத்தை நிரூபித்த பிறகு உங்களுக்கு ஒரு வாக்குச்சீட்டு தருவோம். முத்திரை குத்தி மடித்துக் கொடுப்பீர்கள், தனி உறையில் போடுவோம். வழக்கமான எண்ணிக்கையில் அந்த உறையைப் பிரிக்க மாட்டார்கள். வழக்கு வந்தால்தான் பேச்சு.

நாடு எதை மதிக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? - திருச்சி, கல்லூரி மாணவி

அறிவிப்பைப் பார்க்காதே அம்மா, செலவைப் பார். 'பேட்டி பச்சாவோ' திட்டத்துக்கு 2016-19இல் விடுவித்த நிதியில் 78.91 சதவீதம் விளம்பரத்துக்கே போனதென்று நாடாளுமன்றக் குழு 2021இல் சொன்னது. பெண் குழந்தையைக் காப்பாற்றும் திட்டம் அது! கல்விக்கு உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் என்று கோத்தாரி குழு 1966இல் சொன்னதை, 2020 கல்விக் கொள்கை திரும்பவும் இலக்காக எழுதியது. இடையில் எத்தனை ஆட்சி வந்துபோனது! பட்ஜெட் புத்தகத்தில் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு என்று தனித்தனிப் பத்திகள் இருக்கும். மேடையில் கைதட்டு வாங்குவது மதிப்பீடு. நீ உண்மைச் செலவைப் படி.

இலவசங்கள்தானே நாட்டைக் கெடுத்தன? - கோவை, தொழில்முனைவோர்

எந்த இலவசம்? 2006இன் டிவியையும் 2011இன் மிக்ஸியையும் திட்டுங்கள், கூட நானும் வருகிறேன். காமராஜர் 1956இல் தொடங்கி, எம்ஜிஆர் 1982இல் விரிவாக்கிய மதிய உணவை அதே பட்டியலில் சேர்க்காதீர்கள்.

அதே வாசகர்: வரி கட்டுகிறவன் நான். சோறு போடுவது பெற்றோர் வேலை.

சரி, வரிக்கே வருவோம். 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருமானம் போகும் என்று அரசே சொன்னது. அதற்குப் பெயர் ஊக்கம். பிள்ளைக்குப் போடும் முட்டைக்குப் பெயர் இலவசம். குறைத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை, இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுங்கள் என்கிறேன்.

திருப்பூர் வாசகி: கோவை ஐயாவுக்கு ஒரு வார்த்தை. காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் போகிற அம்மாதான் நான். பள்ளியில் காலை உணவு வந்த பிறகுதான் பையன் வயிறு காயாமல் வகுப்பில் உட்காருகிறான்.

இதற்கு மேல் நான் என்ன எழுத?

அதே கோவை வாசகர்: உணர்ச்சிவசப்பட வேண்டாம். கடன் ஏறுகிறதே?

ஏறுகிறது, உண்மைதான். குறைக்கலாம். எங்கே குறைப்பது என்பதில்தானே சண்டை? தட்டிலிருந்து தொடங்க வேண்டாம். இத்துடன் இதை நிறுத்துகிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

நோட்டா ஜெயித்தால்... - கடலூர்

முதல் பதில்.

நோட்டா 50 சதவீதம் தாண்டினால் வேட்பாளர்கள் எல்லாருக்கும் தடையாமே? - வேலூர்

ஐயா! வாட்ஸ்அப்!

கிராம சபையில் கணக்குக் கேட்டால் சொல்வார்களா? - சிவகங்கைப் பக்கத்துக் கிராமம்

அக்டோபர் 2க்குப் போய்ப் பாருங்கள். வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள், மழுப்பினால் அதையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதாத பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.