சமீபத்தில் நீங்கள் விளையாடிய இண்டி கேம்களில் (பெரிய நிறுவனங்கள் இல்லாமல் தனி ஆளோ சிறு குழுவோ செய்யும் வீடியோ கேம்கள்) எவை மனதில் நின்றன? ஏன்?

'ரிட்டர்ன் ஆஃப் த ஓப்ரா டின்', 'ப்ளூ பிரின்ஸ்', 'அனிமல் வெல்'. மூன்றும் வேறு வேறு வகை. ஆனால் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் ஒன்றுதான். அடுத்து எங்கே போக வேண்டும், எதைத் தொட வேண்டும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டுவதில்லை. ஆடுபவரே பார்த்து, யோசித்து, கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று நம்பி விட்டுவிடுகிறார்கள். அந்த நம்பிக்கைக்காகவே இப்போதெல்லாம் இண்டி கேம்களைத் தேடிப் போகிறேன்.

முதலில் ஓப்ரா டின். 2018-ல் லூகாஸ் போப் உருவாக்கியது. இசை உட்பட பெரும்பாலான வேலை அவருடையதே. காணாமல் போன ஒரு வணிகக் கப்பல் 1807-ல் ஆளே இல்லாமல் இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறைமுகத்துக்கு வந்து நிற்கிறது. நாம் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பும் காப்பீட்டு ஆய்வாளர். கப்பலில் இருந்த 60 பேரில் யார் யார், அவர்களுக்கு என்ன ஆயிற்று, கொலை என்றால் செய்தது யார் என்று ஒரு புத்தகத்தில் எழுதி முடிக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

நம் கையில் ஒரு கடிகாரம் இருக்கிறது. ஒரு பிணத்தின் அருகில் போய் அதைத் திறந்தால், முதலில் திரை இருண்டு குரல்கள் மட்டும் கேட்கும். அப்புறம் அந்த ஆள் உயிர் விட்ட நொடி அப்படியே உறைந்து நிற்கும். சுடப்பட்ட துப்பாக்கியின் புகைகூட அசையாது. அதற்குள் நடந்து, ஒவ்வொரு முகமாகப் பார்க்கலாம். செத்தவரைவிட மூலையில் நிற்பவர்களைப் பார்ப்பதுதான் முக்கியம் என்பது போகப் போகப் புரியும். யார் யாருடன் நிற்கிறார், யார் என்ன உடுத்தியிருக்கிறார், எந்த மொழியில் பேசுகிறார், எல்லாமே தடயம்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். சின்ன ஸ்பாய்லர், வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள். கீழ்த்தளத்தில் மாலுமிகள் தூங்கும் துணிப் படுக்கைகள் வரிசையாகத் தொங்கும். அவற்றில் எண்கள் இருக்கும். பெயர்ப் பட்டியலிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் உண்டு. இரண்டும் ஒன்றுதான் என்று உறைத்தபோது நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். அந்த இடத்தை ஏற்கெனவே பல முறை கடந்திருந்தேன். அதைப் பார்க்கச் சொல்லி கேம் ஒருபோதும் சொல்லவில்லை.

இன்னொரு ஏற்பாடும் அருமையானது. நாம் எழுதுவது சரியா என்று, மூன்று பேரின் விவரம் சரியாக அமைந்த பிறகுதான் கேம் சொல்லும். ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தால் பெயர்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தே முடித்துவிடலாம். கடைசியில் மொத்தமாகச் சொல்லியிருந்தால் பாதியிலேயே மனம் விட்டுப்போகும். மூன்று என்பது மிகச் சரியான அளவு. குறை என்றால், கடைசியில் மிஞ்சும் சில மாலுமிகளை ஆதாரத்தைவிடக் கழித்தல் முறையில்தான் முடிக்க வேண்டியிருக்கிறது.

ப்ளூ பிரின்ஸ் 2025 ஏப்ரலில் வந்தது. தாத்தா முறை உறவினர் ஒருவர் தன் மாளிகையை நமக்கு எழுதி வைத்துவிட்டுப் போகிறார். 45 அறைகள் கொண்ட அந்த வீட்டில் 46-வது அறையைக் கண்டுபிடித்தால்தான் வீடு நமக்கு. ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் மூன்று அறை வரைபடங்கள் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாம்தான் வீட்டைக் கட்டிக்கொண்டே போகிறோம். மறுநாள் எல்லாம் கலைந்துவிடும், பெரும்பாலும் நம் தலையில் இருப்பது மட்டுமே மிஞ்சும். ஓர் அறையில் நீலம், வெள்ளை, கறுப்பு என்று மூன்று பெட்டிகள். மேலே வாசகங்கள். ஒரு பெட்டியாவது முழு உண்மை சொல்லும், ஒன்றாவது முழுப் பொய் சொல்லும். பரிசு ஒன்றில்தான். அந்த அறை வந்தாலே எனக்குக் கொண்டாட்டம்.

ஆனால் இதில் ஒரு வருத்தம் உண்டு. விடை தெரிந்த பிறகும் அதைச் செய்து பார்க்கத் தேவையான அறைகள் வராமல் நாள் நாளாக ஓடும். அதிர்ஷ்டம் என் மூளைக்குக் குறுக்கே நிற்பதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. இருந்தும் விடவில்லை. குறிப்பெடுக்கத் தனி நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்லி கேமே யோசனை சொல்கிறது, அதைத் தட்டாதீர்கள்.

அனிமல் வெல் பற்றிக் குறைவாகச் சொல்வதே அதற்குச் செய்யும் மரியாதை. 2024-ல் பில்லி பாசோ, கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளான எஞ்சினையும் தானே எழுதி, பல வருடம் உழைத்துச் செய்தது. சண்டைக்குக் கத்தி கிடையாது. சோப்புக் குமிழி ஊதும் குச்சி, யோயோ, ஃபிரிஸ்பீ போன்ற விளையாட்டுச் சாமான்கள்தான் கிடைக்கும். குமிழியை ஊதி அதன் மேல் ஏறி நிற்கலாம். சரி, ஒரு குமிழியின் மேல் நின்றபடி இன்னொன்றை ஊதினால்? இப்படி நாமே கேட்டு நாமே பதில் தேடுவதுதான் இந்த கேம். ஹெட்போன் போட்டுக்கொண்டு விளையாடுங்கள்.

இந்த வகையில் எல்லோரும் முதலில் சொல்லும் 'அவுட்டர் வைல்ட்ஸ்' (2019) பற்றியும் கேட்பீர்கள். விளையாடுங்கள், அதைப் பற்றி ஒரு வரியும் படிக்காமல் விளையாடுங்கள்.

எதில் தொடங்கலாம் என்றால், ஓப்ரா டின். ஒரே ஒரு விஷயம்: தொடங்கிவிட்டால் இடையில் சில வாரங்கள் விட்டுவிடாதீர்கள். 60 முகங்களும் மறந்துபோகும், மறுபடி எல்லாக் காட்சிகளையும் நடந்து பார்க்க வேண்டிவரும்.