சிறுநீரகம் கெட்டுப்போகவில்லை, ஏமாந்துபோயிருக்கிறது

இதயம் பலவீனமாகிவிட்ட அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதத்தில் பதினொரு கேள்விகள். அவற்றில் எதிலும் சேராமல், போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் என்னைப் பதற வைத்தது: “நீர் மாத்திரையை நிறுத்திய பிறகு அப்பா நன்றாகத் தேறியிருக்கிறார், ஐந்து நாளில் மூன்று கிலோ கூடியிருக்கிறது.” அதற்கு அடுத்த வரி, “இரவில் மட்டும் மூன்று தலையணை கேட்கிறார்.”

அது தேறுவது இல்லை, அம்மா. ஐந்து நாளில் யாருக்கும் மூன்று கிலோ சதை போடாது. அத்தனையும் தண்ணீர். அதனால்தான் கடிதம் வந்த அன்றே, பதில் வெளியாகும்வரை காத்திருக்காதீர்கள், இன்றைக்கே இதய மருத்துவரிடம் கூட்டிப் போங்கள் என்று தனியாக எழுதினேன். போய்வந்ததாகவும் மாத்திரையைத் திரும்பத் தொடங்கிவிட்டதாகவும் சொன்னீர்கள். நல்லது. இனி, அதை ஏன் நிறுத்தினீர்கள் என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

ரத்தத்தில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு, 1.1லிருந்து 1.4 ஆனது. இணையத்தில் தேடினீர்கள். நீர் மாத்திரை சிறுநீரகத்தைத் தின்றுவிடும், கடைசியில் டயாலிசிஸ்தான் என்று ஒரு காணொளி சொன்னது. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்திவிட்டீர்கள். அந்தக் காணொளியில் பேசியவர் உங்கள் அப்பாவின் கணுக்காலை ஒரு தடவையாவது அமுக்கிப் பார்த்தாரா?

சரி, கோபம் போகட்டும். உங்கள் அப்பாவின் உடம்பில் நடப்பதைச் சொல்கிறேன்.

இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அந்த நீரில் சுமார் ஒன்றரைக் கிலோ உப்பு கரைந்திருக்கும். அதில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்ப உள்ளே இழுக்கப்பட்டுவிடும். அன்றைக்குச் சாப்பிட்ட அளவு மட்டும் சிறுநீரில் போகும். இதயம் நன்றாக இருப்பவர் ஒரு நாள் உப்பைக் கூட்டிச் சாப்பிட்டாலும் இரண்டு மூன்று நாளில் கணக்கு நேராகிவிடும்.

இந்தக் கணக்கை சிறுநீரகம் எதை வைத்துப் போடுகிறது? உடம்பில் மொத்தம் எவ்வளவு நீர் இருக்கிறது என்று அளந்து பார்க்க அதற்கு வழி இல்லை. தன்னிடம் வந்து சேரும் ரத்தத்தின் அளவும் அழுத்தமும்தான் அதற்குத் தெரியும். இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு வழக்கமாக அதற்கு வரும். இதயம் பலவீனமானால் அந்த வரத்து குறைகிறது. உடனே சிறுநீரகம், எங்கேயோ ரத்தம் கொட்டிவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறது. ரத்தப்போக்கும் வயிற்றுப்போக்கும் வறட்சியும்தான் அதற்குப் பழகிய ஆபத்துகள். இதயமே தளர்ந்துபோகும் என்பது அதன் பாடத்தில் இல்லை. ரெனின் என்ற பொருளை ரத்தத்தில் விடுகிறது, அதனால் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் உருவாகிறது, அது போய் அட்ரீனல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனை வரவழைக்கிறது. எல்லாம் சேர்ந்து சொல்வது ஒன்றுதான்: உப்பை வெளியே விடாதே. உப்பு தங்கினால் கூடவே தண்ணீரும் தங்கும்.

கால் வீங்கி, நுரையீரலில் நீர் கோத்து, படுத்தால் மூச்சு முட்டுகிறது மனிதருக்கு. அவருடைய சிறுநீரகமோ, இவர் வறண்டு கிடக்கிறார் என்று நம்பி இன்னும் உப்பைச் சேர்த்துவைத்துக்கொண்டிருக்கிறது. பழுதடைந்து இப்படிச் செய்யவில்லை. பொய்த் தகவலை நம்பி, தன் வேலையை அக்கறையாகச் செய்துகொண்டிருக்கிறது.

அப்பாவின் மாத்திரைகளை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்பைரோனோலாக்டோன் ஆல்டோஸ்டிரோனின் உத்தரவைத் தடுக்கிறது. ஃபுரோசமைடு, அதாவது நீங்கள் நிறுத்திய நீர் மாத்திரை, சிறுநீரக நுண்குழாயின் வளைவில் உட்கார்ந்து, அங்கே உப்பு உள்ளே இழுக்கப்படாமல் பார்த்துக்கொள்கிறது. அதன் வேலை சுமார் ஆறு மணி நேரம்தான். கடையில் அதற்கு இருக்கும் லாசிக்ஸ் என்ற பெயரே ‘லாஸ்ட்ஸ் சிக்ஸ்’, ஆறு மணி நேரம் நீடிக்கும், என்பதைக் குறித்து வைத்தது என்பார்கள். ஆறு மணி நேரம் முடிந்ததும் சிறுநீரகம் சும்மா இருக்காது. போன உப்பை மீட்க, கிடைப்பதையெல்லாம் இழுத்துப் பிடிக்கும். ‘மாத்திரைதான் போடுகிறோமே, உப்பைக் கொஞ்சம் தாராளமாகச் சாப்பிட்டால் என்ன’ என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன். காலையில் வெளியேற்றிய உப்பை மாலைச் சாப்பாட்டிலேயே திரும்பக் கொடுத்துவிடுகிறீர்கள்.

இப்போது அந்த 1.4. இதய நோயாளிக்கு மருந்துகளைத் தொடங்கும்போதும் கூட்டும்போதும் கிரியாட்டினின் சற்று ஏறும். நாங்கள் எதிர்பார்ப்பதுதான். 30 சதவீதம்வரை ஏறினால், ஆளும் நன்றாக இருந்தால், பெரும்பாலும் மருந்தில் கை வைக்க மாட்டோம். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்போம். அந்தக் காணொளி சொல்லாத ஒன்று இருக்கிறது. உடம்பில் நீர் கோத்தால் சிரைகளில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களில், அழுத்தம் ஏறும். சிறுநீரகத்திலிருந்து ரத்தம் வெளியேற முடியாமல் பின்னால் தேங்கும், வடிகட்டும் வேலையே மந்தமாகும். நீரை எடுத்துவிட்டால் கிரியாட்டினின் இறங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிறுநீரகத்தைக் காப்பாற்றத்தான் மாத்திரையை நிறுத்தினீர்கள். நிறுத்தியதுதான் அதற்கு நீங்கள் செய்த கெடுதல்.

அதனால் கிரியாட்டினினைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்காதீர்கள். அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் பார்க்க வேண்டியது எடை.

ஒன்பது கிராம் உப்பு உடம்பில் தங்கினால் ஒரு லிட்டர் நீர் கூடவே தங்கும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. அப்பாவுக்கு ஏறிய மூன்று கிலோ என்பது, சிறுநீரகம் விடாமல் பிடித்துவைத்த ஏறக்குறைய 27 கிராம் உப்பு. கால் வீக்கம் கண்ணுக்குத் தெரியும் முன்பே எடை மெஷின் இதைக் காட்டிக்கொடுத்துவிடும். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் சாப்பிடும் முன், அதே மெஷின், அதே அளவு உடை. எண்ணைக் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்திலேயே எழுதுங்கள். செல்போனில் எழுதினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மூன்று நாளுக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள். கூடுதல் தலையணை கேட்டாலும், தூக்கத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தாலும் அப்படித்தான். உட்கார்ந்த நிலையிலேயே மூச்சு வாங்கினால் அழைப்பதற்கெல்லாம் நேரம் இல்லை, நேராக அவசரப் பிரிவுதான்.

இன்னொன்றுக்காகவும் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று ஒரு பொட்டலத்தை வாங்கிச் சமையலில் போடுகிறீர்கள். அதன் பின்பக்கத்தைப் படித்தீர்களா? சோடியத்துக்குப் பதிலாக அதில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. ஸ்பைரோனோலாக்டோன் போடுபவருக்கு உடம்பில் ஏற்கெனவே பொட்டாசியம் தங்கும். அதன் மேல் இதையும் கொட்டினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம், சில சமயம் நின்றும்விடலாம். இதற்கு முன்னறிவிப்பும் இருக்காது. பொட்டலத்தை இன்றே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள், இந்த வாரமே ரத்தத்தில் பொட்டாசியம் அளவைப் பாருங்கள். அப்புறம், மூட்டு வலிக்கு அவராகவே வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக்கையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென் எல்லாம் அதே வகைதான். இவை சிறுநீரகத்துக்கு வரும் ரத்தத்தை இன்னும் குறைக்கும், உப்பைப் பிடித்துவைக்கும், நீர் மாத்திரையின் கையைக் கட்டிப்போடும். வலிக்கு வேறு மருந்து உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.

ரத்தத்தில் சோடியம் 132, குறைவாக இருக்கிறது, உப்பைக் கூட்டட்டுமா என்கிறீர்கள். வேண்டாம். உப்பு போதாமல் வந்ததில்லை அது. தண்ணீர் மிஞ்சியதால் வந்தது. ஒரு டம்ளர் உப்பு நீரில் இன்னொரு டம்ளர் தண்ணீரை ஊற்றினால் உப்பா காணாமல் போகும்? நீர்த்துப் போகும், அவ்வளவே. ‘சிறுநீரகத்தைக் கழுவிவிட’ அவருக்கு தினமும் நான்கு லிட்டர் கொடுப்பதை நிறுத்துங்கள். எவ்வளவு குடிக்கலாம் என்ற அளவை அவருடைய மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

அதற்காக உப்பே இல்லாத சாப்பாட்டைப் போட்டு அவரைப் பட்டினியும் போடாதீர்கள். சோடியத்தை 1500 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவந்து பார்த்த ஒரு ஆய்வு 2022இல் வந்தது, 806 இதய நோயாளிகள். மரணமோ மருத்துவமனை அனுமதியோ அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி, அதைத் தாண்டாதீர்கள். பொட்டலத்தில் வரும் தின்பண்டங்களில் ஒளிந்திருப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். பாறை உப்பா, கடல் உப்பா, இளஞ்சிவப்பு உப்பா என்ற ஆராய்ச்சி வேண்டாம். எல்லாமே சோடியம்தான்.

மிச்சக் கேள்விகள். ஸ்கேனில் வந்த சாதாரண நீர்க்கட்டி: வயதானவர்களுக்கு இருப்பதுதான், மறந்துவிடுங்கள். சிறுநீரில் நுரை: புரதம் இல்லை என்று போன மாதப் பரிசோதனையே சொல்கிறதே, அப்புறம் என்ன? இரவில் இரண்டு முறை எழுவது: படுத்ததும் காலில் கிடந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பி சிறுநீரகத்துக்கு வருகிறது. இதை அடுத்த முறை மருத்துவரிடம் சொன்னால் போதும்.

வெளியே போகும் நாளில் மாத்திரையை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விட வேண்டாம். வீடு திரும்பியதும், இருட்டுவதற்குள் போட்டுக்கொள்ளட்டும். நடு இரவில் போட்டால் தூக்கம் கெடும், அவ்வளவுதான். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து ஒன்றும் இறங்காமல் கிடக்கும் நாள் மட்டும் வேறு. அன்றைக்கு உண்மையிலேயே உடம்பு வறளும், மாத்திரையை நிறுத்தவும் வேண்டியிருக்கலாம். அதையும் நீங்களாக முடிவு செய்யாமல், முதலில் மருத்துவருக்குப் போன் போடுங்கள்.