லூதர் வான்ட்ராஸ் தனிப்பாடகராகப் புகழ் பெறும் முன் யார் யாருக்குப் பாடினார்? அந்த ஆண்டுகள் அவருக்கு வீண்தானா?

கேள்வி கேட்டவர், ‘முப்பது வயது வரை வெறும் பின்னணிப் பாடகராகவே இருந்தாராமே’ என்று எழுதியிருக்கிறார். திரைப்பாட்டைக் கேட்டு வளர்ந்த நமக்குப் பின்னணிப் பாடகர் என்றால் பாட்டு முழுவதையும் பாடுகிறவர். திரையில் முகம் தெரியாவிட்டாலும் பெயர் ஊருக்கே தெரியும். அமெரிக்கரான வான்ட்ராஸ் 1970களில் செய்தது அந்த வேலையல்ல. முதன்மைப் பாடகருக்குப் பின்னால் மூன்று நான்கு பேராக ஒரே மைக்கைச் சுற்றி நின்று, ‘ஊ’ என்றும் ‘ஆ’ என்றும் சுரங்களைப் பிடித்துக்கொடுத்து, பல்லவியின் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லிவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போவது. நாம் கோரஸ் என்று சொல்லும் வேலை அது. அந்த வேலைக்கு முன்னால் ‘வெறும்’ என்ற சொல்லைப் போடலாமா என்பதில்தான் எனக்குக் கேள்வி கேட்டவரோடு கருத்து வேறுபாடு.

நான் வான்ட்ராஸை முன்னுக்குப் பின்னாக அறிந்துகொண்டவன். கல்லூரி நாட்களில் நண்பர் ஒருவர் பதிவு செய்து கொடுத்த ஒலிநாடாவில் ஷீக் என்ற அமெரிக்க இசைக்குழுவின் நடனப் பாட்டுகள் இருந்தன. பல ஆண்டுகள் கழித்து ‘எ ஹவுஸ் இஸ் நாட் எ ஹோம்’ பாட்டை வான்ட்ராஸின் குரலில் கேட்டு அசந்துபோய், இவர் யார் என்று தேடத் தொடங்கியபோதுதான், அந்தப் பழைய ஒலிநாடாவின் கோரஸிலும் இவர் குரல் கலந்திருந்தது தெரியவந்தது. அதன் பிறகு எந்த ஆல்பத்தை எடுத்தாலும் பின்னட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களை முதலில் படிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

அவர் 1951 ஏப்ரல் 20 அன்று நியூயார்க்கில் பிறந்தார். எட்டு வயதில் தந்தையை நீரிழிவு நோய்க்குப் பறிகொடுத்தார். அக்கா பட்ரீஷியா, த க்ரெஸ்ட்ஸ் என்ற பாட்டுக் குழுவில் சிறிது காலம் பாடியவர்; ஆகவே பல குரல்களை அடுக்கிப் பாடுவது வீட்டுக்குள்ளேயே காதில் விழுந்த ஒன்று. சிறுவனாக அவர் விரும்பிக் கேட்டது பெரும்பாலும் பெண்களின் குரல்கள்: டயான் வார்விக், அரீதா ஃபிராங்க்ளின், பட்டி லபெல், அரீதாவின் பாட்டுகளுக்குப் பின்னால் ஒலித்த சிஸி ஹூஸ்டனின் ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்ஸ் குழு. கதாநாயகியைப் பார்க்க வேண்டிய வயதில் அவள் பின்னால் நிற்கும் தோழிகளையும் சேர்த்துப் பார்த்த ரசிகர் என்று சொல்லலாம். பிராங்க்ஸ் பகுதியிலிருந்த டாஃப்ட் உயர்நிலைப் பள்ளிக் காலத்தில், ஹார்லெமின் அப்பல்லோ அரங்கைச் சார்ந்து இயங்கிய ‘லிசன் மை பிரதர்’ என்ற இளைஞர் குழுவில் சேர்ந்தார். கிட்டார் வாசித்த கார்லோஸ் அலோமார், பாடகர்கள் ராபின் கிளார்க், ஃபான்ஸி தார்ன்டன் ஆகியோர் அங்கே அவருக்குத் தோழர்கள். 1969இல் குழந்தைகளுக்கான ‘செசமி ஸ்ட்ரீட்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியின் முதல் பருவத்தில் இந்தக் குழு பாடியது. பின்னர் மிச்சிகன் மாநிலத்துக்குப் பல்கலைக்கழகப் படிப்புக்குச் சென்று, ஓராண்டுகூடத் தாக்குப்பிடிக்காமல் நியூயார்க் திரும்பினார்.

பெரிய திருப்பம் 1974 ஆகஸ்டில் நேர்ந்தது. இங்கிலாந்தின் ராக் பாடகர் டேவிட் போவி, கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசையை நோக்கித் தன் பாணியையே திருப்பிக்கொள்ள விரும்பி, ஃபிலடெல்ஃபியாவின் சிக்மா சவுண்ட் கூடத்தில் ‘யங் அமெரிக்கன்ஸ்’ ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார். கிட்டார் வாசிக்க அமர்த்தப்பட்டிருந்த அலோமார், தன் மனைவி ராபின் கிளார்க்கையும் பள்ளித் தோழர் லூதரையும் வேடிக்கை பார்க்க வரச் சொல்லியிருந்தார். பாடுவதற்கு யாரும் லூதரை அழைக்கவில்லை. தலைப்புப் பாட்டு கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, பல்லவி இருக்கும் இடத்தில் இப்படி ஒரு வரியைப் பாடினால் நன்றாக இருக்குமே என்று அவர் ராபினிடம் மெல்லப் பாடிக் காட்டினார். அது போவியின் காதில் விழுந்துவிட்டது. இருவரும் உடனே மைக் முன் நிறுத்தப்பட்டார்கள். அன்று முதல் அந்த ஆல்பத்தின் கோரஸ் அமைப்பு முழுவதும் பெரும்பாலும் லூதரின் கைக்கு வந்தது. போவி இல்லாத நேரம் என்று எண்ணித் தம் சொந்தப் பாட்டான ‘ஃபங்கி மியூசிக்’கை அவர் பாடிக்கொண்டிருந்ததையும் போவி கேட்டார், வரிகள் சிலவற்றை மாற்றி ‘ஃபேசினேஷன்’ என்ற பெயரில் பதிவு செய்துகொள்ள அனுமதி கேட்டார். 1975இல் வெளியான ஆல்பத்தில் அந்தப் பாட்டின் கீழே இருவர் பெயரும் இருக்கின்றன.

இதைப் பலரும் ‘போவி கண்டெடுத்த வைரம்’ என்ற தோரணையில் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே ஆல்பத்தின் ‘ரைட்’ என்ற பாட்டைக் கேட்டுப் பாருங்கள். முதன்மைக் குரல் ஒரு சொல்லைப் பாடி முடிக்கும் முன்பே கோரஸ் உள்ளே நுழைகிறது. அதன் வால் அறுபடும் இடத்தில் போவி மறுபடி நுழைகிறார். அசை ஒன்று பிசகினாலும் முழுப் பின்னலும் அவிழ்ந்துவிடும். அந்தப் பாட்டின் ஒத்திகை, அக்காலத்தில் பிபிசி எடுத்த ‘கிராக்ட் ஆக்டர்’ ஆவணப்படத்தில் பதிவாகியிருக்கிறது; போவியோடு லூதரும் ராபினும் பாடகி ஏவா செர்ரியும் நின்று அந்தப் பின்னலைச் சரிபார்க்கும் காட்சியில், இருபத்து மூன்று வயது லூதரின் முகத்தில் புதியவர் என்ற தயக்கம் துளியும் இல்லை. வேலை தெரிந்த ஆள் ஒருவர் தமக்கு ஏற்ற கூடத்துக்குள் வந்து சேர்ந்திருந்தார். போவிக்கு உரிய பெருமை, பார்வையாளராக வந்தவரின் முணுமுணுப்பைக் காதில் வாங்கியதும், பாட்டுரிமையில் பெயர் சேர்த்ததும்.

1974ஆம் ஆண்டின் கடைசியில் நடந்த சுற்றுப்பயணத்தில், போவி மேடையேறுமுன் இசைக்குழு தனியே நிகழ்த்திய முன்பகுதியில் லூதர் முன்னின்று பாடினார். போவியைக் காண வந்த கூட்டம் பொறுமையில்லாமல் கூச்சலிட்டதையும், விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று தமக்குத் தோன்றியதையும் அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அந்தப் பயணம்தான் கதவுகளைத் திறந்தது. போவியின் வழியாகப் பாடகி பெட் மிட்லரும், மிட்லரின் வழியாக அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தின் தயாரிப்பாளர் ஆரிஃப் மார்டினும் அவரை அறிந்தார்கள். மார்டினுக்குப் பிடித்துவிட்டால் நியூயார்க்கில் கோரஸ் பாடகருக்கு வேலைப் பஞ்சம் இருக்காது. இதற்கிடையே, 1975 ஜனவரியில் பிராட்வேயில் அரங்கேறிய ‘த விஸ்’ இசைநாடகத்தில் அவர் எழுதிய பாட்டு ஒன்றும் இடம்பெற்றுவிட்டது.

கோரஸ் பாடுவதில் அப்படியென்ன வித்தை என்று கேட்கலாம். தனியாகப் பாடுகிறவர் தன் குரலின் மணத்தைக் காட்ட வேண்டும். கூட்டத்தில் பாடுகிறவர் அதை ஒளித்துக்கொள்ள வேண்டும். நான்கு பேரும் ஒரே நொடியில் மூச்செடுத்து, ஒரே நொடியில் சொல்லின் கடைசி மெய்யெழுத்தை முடிக்காவிட்டால் ‘ஸ்’ என்ற ஒலி நான்கு முறை சிதறிக் கேட்கும். ஒரு சுரத்தைப் பாடிப் பதிவு செய்தபின் அதே சுரத்தை அதே இழுப்போடு இன்னொரு தடத்தில் மேலேற்றிப் பாட வேண்டும். பிறகு அதற்கு மேல் அடுத்த சுரம். இப்படி அடுக்கும்போது நான்கு பேர் பன்னிரண்டு பேராக ஒலிப்பார்கள். யாருக்கு எந்தச் சுரம், எங்கே ஒன்றாகப் பாடுவது, எங்கே பிரிவது என்பதை அந்த இடத்திலேயே முடிவு செய்ய ஒருவர் வேண்டும், கூடத்தின் வாடகை மணிக்கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும் என்பதால். அந்த ஒருவர் பல கூடங்களில் லூதராக இருந்தார். உச்சத்தில் மெல்லிய பொய்க்குரலையும் கீழே கனத்த குரலையும் தேவைக்கேற்ப அவரால் தர முடிந்தது. இரண்டிலும் காற்றுக் கலந்த மென்மை ஒன்று இருந்தது. ஷீக் குழுவின் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் 1977இல் தங்கள் முதல் ஆல்பத்தைச் செய்தபோது கோரஸில் அவரையும் ராபின் கிளார்க்கையும் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் இந்த மென்மைதான் என்று நினைக்கிறேன். கூர்மையாக வெட்டும் கிட்டாருக்கும் பேஸுக்கும் மேலே பட்டுத்துணி போர்த்தியதுபோல அந்தக் குரல்கள் படிகின்றன. இசைத் தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸின் 1978 ஆல்பத்திலும் அவர் குரல் இருக்கிறது.

வருமானத்தின் பெரும்பகுதி இவற்றிலிருந்து வரவில்லை என்பது சுவையான செய்தி. அமெரிக்க வானொலி, தொலைக்காட்சி விளம்பரங்களில் வரும் ஜிங்கிள் என்ற குட்டிப் பாட்டுகள்தான் அவருக்குச் சோறு போட்டன; அதுவும் தாராளமாக. கென்டக்கி ஃபிரைடு சிக்கன், ஜூசி ஃப்ரூட் சூயிங்கம், அமெரிக்க ராணுவத்துக்கான ஆள்சேர்ப்பு என்று பட்டியல் நீளும். ஆல்பத்தில் கோரஸ் பாடினால் ஒரு முறை கூலி. விளம்பரத்திலோ தொழிற்சங்க ஒப்பந்தப்படி, அது ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு 13 வாரச் சுற்றுக்கும் மறுபடி பணம் வரும். நாடே கேட்ட குரல். யாருக்கும் தெரியாத பெயர்.

இந்த இடத்தில் கேள்வி கேட்டவரின் ஐயத்துக்கும் நியாயம் உண்டு. அந்த வசதி ஒரு பொறியும்கூட. தனியே தலைகாட்ட அவர் முயலாமல் இல்லை: ‘லூதர்’ என்ற பெயரில் ஐந்து பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்து, அட்லாண்டிக்கின் கிளையான கோட்டிலியன் வழியாக 1976இலும் 1977இலும் இரண்டு ஆல்பங்கள் வெளியிட்டார். அவை விலைபோகவில்லை. பிற்பாடு அவற்றின் உரிமையைத் தாமே திரும்ப வாங்கி, மறுவெளியீடு வராதபடி வைத்துக்கொண்டார். அதன் பிறகு பிறர் பெயரில் முதன்மைக் குரல் தரும் விசித்திர நிலை வந்தது. 1978இல் பயானிக் பூகி என்ற பெயரில் வந்த ‘ஹாட் பட்டர்ஃபிளை’ பாட்டைப் பாடியவர் அவர்தான். 1980இல் இத்தாலியத் தயாரிப்பாளர்கள் உருவாக்கிய சேஞ்ச் குழுவின் ‘சர்ச்சிங்’, ‘த க்ளோ ஆஃப் லவ்’ இரண்டிலும் முழுப் பாட்டும் அவர் குரல். இந்த முறை பெயர் தெளிவாகப் போடப்பட்டதால், நடன அரங்குகளில் கேட்டவர்கள் யார் இவர் என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

அவரை உந்தித் தள்ளியதில் பாடகி ரோபர்ட்டா ஃபிளாக்குக்குப் பெரும் பங்கு உண்டு. அவருடைய மேடைக் குழுவில் லூதர் கோரஸ் பாடிக்கொண்டிருந்தார். இந்தப் பாதுகாப்பான இடத்திலேயே சுகமாகத் தங்கிவிடாதே, தனியாகப் போ என்று ஃபிளாக் வற்புறுத்தியதை அவர் நன்றியோடு பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அதே குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த இளைஞர் மார்கஸ் மில்லரின் நட்பும் அங்கேதான் கிடைத்தது. லூதர் தம் கைப்பணத்தைப் போட்டு, தாமே தயாரித்துப் பாட்டுகளைப் பதிவு செய்து எடுத்துக்கொண்டு நிறுவனங்களின் படி ஏறினார். ஜிங்கிள் பணம் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது. தயாரிப்பும் தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எபிக் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. 1981 ஆகஸ்டில் ‘நெவர் டூ மச்’ வெளிவந்தது. ஏழு பாட்டுகளில் ஆறு அவரே எழுதியவை. ஆல்பமும் தலைப்புப் பாட்டும் ரிதம் அண்ட் ப்ளூஸ் எனப்படும் கறுப்பின அமெரிக்க இசைக்கான பட்டியலில் முதலிடம் பிடித்தன.

அந்த ஆல்பத்தைக் கோரஸை மட்டும் பின்தொடர்ந்து ஒரு முறை கேளுங்கள். ஏழாம் பாட்டு ‘எ ஹவுஸ் இஸ் நாட் எ ஹோம்’, 1964இல் டயான் வார்விக் மூன்றே நிமிடங்களில் பாடிய பாட்டு. வான்ட்ராஸிடம் அது ஏழு நிமிடங்களைத் தாண்டுகிறது. அவர் ஒரு சொல்லை எடுத்து நிறுத்தி நிதானமாகச் சுற்றிவரும் துணிச்சல், பின்னால் நிற்கும் குரல்கள் எந்த நொடியில் தாங்கிப் பிடிக்கும் என்பதை அறிந்தவருக்கு மட்டுமே வரும். ஏனென்றால் அந்தக் குரல்களை அமைத்தவரும் அவரே. யார் அவர்கள்? சிறுவயதில் அவர் வியந்து கேட்ட சிஸி ஹூஸ்டன், பள்ளித் தோழர் ஃபான்ஸி தார்ன்டன், ஷீக் குழுவின் முதல் பாடகி நார்மா ஜீன் ரைட், இவர்களோடு கூட்டத்தில் ஒருவராக லூதர். இசையமைப்பில் துணைநின்ற நேட் ஆடர்லி ஜூனியரும் ‘லிசன் மை பிரதர்’ காலத்து நண்பர்தான். ஏழாண்டு ஒலிப்பதிவுக்கூட வாழ்க்கை முழுவதும் அந்த அறைக்குள் வந்து நின்றிருக்கிறது.

அடுத்த ஆண்டே அரீதா ஃபிராங்க்ளினின் ‘ஜம்ப் டு இட்’ ஆல்பத்தைத் தயாரிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. அப்போது அவர் முதலிடம் கண்ட பாடகர். ஒலிப்பதிவுக் கூடத்தின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு கொடுத்திருக்கலாம். அந்த ஆல்பத்தின் பின்னட்டையில் கோரஸ் பாடியவர்களின் பெயர்களைப் படித்துப் பாருங்கள். சிஸி ஹூஸ்டன், ஃபான்ஸி தார்ன்டன் ஆகியோரின் பெயர்களோடு அவர் பெயரும் இருக்கிறது.