பால்சா ஸ்டிக் விமானத்தில் மின் மோட்டார் வைக்கலாமா? கட்டிப் பறக்கவிட்டவனின் பதில்

கேள்வி இது: "1960களின் ஸ்டிக் மாடல் விமானத்தின் பிளான் கிடைத்திருக்கிறது. பால்சா மரத்தில் கட்டி, குளோ எஞ்சினுக்கு (மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடும் சின்ன எஞ்சின்) பதில் மின் மோட்டார் வைக்கலாமா? இல்லை, இவ்வளவு மெனக்கெடாமல் ஃபோம் விமானம் ஒன்று வாங்கினால் போதுமா?"

வைக்கலாம். தாராளமாக வைக்கலாம். முதல் பாதிக்கு அவ்வளவுதான் பதில். இரண்டாம் பாதிதான் என்னை எழுத உட்கார வைத்தது. நான்கு மாதம் இரவு இரவாக நான் ரிப் (இறக்கைக்குள்ளே விலா எலும்பு மாதிரி வரிசையாக நிற்கும் துண்டு) வெட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கு வந்துபோன ஒவ்வொருவரும் இதையேதான் கேட்டார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஏரோநாட்டிக்கல் படித்தவன் இல்லை. கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஃபோம் விமானம் பறக்கவிடுபவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, என்னிடமும் ஒன்று இருக்கிறது. பறக்கக் கற்றுக்கொள்ள அதுதான் நல்லது என்று நானே நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நீங்கள் பிளானைத் தேடி எடுத்திருக்கிறீர்கள். பறக்க மட்டும் ஆசைப்படுகிறவர் பிளான் தேடமாட்டார். உங்களுக்குக் கட்டவும் ஆசை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நீங்கள் சொல்வது 'தாஸ் அக்லி ஸ்டிக்' குடும்பத்து விமானமாகத்தான் இருக்க வேண்டும். அமெரிக்காவில் ரேடியோ கண்ட்ரோல் கருவிகள் செய்து விற்ற ஃபில் கிராஃப்ட் வடிவமைத்தது. அவர் சாதாரண ஆள் இல்லை, 1967-ல் கோர்சிகாவில் நடந்த ஏரோபாட்டிக்ஸ் உலகப் போட்டியில் பட்டம் வென்றவர். உடல் ஒரு நீளப் பெட்டி. இறக்கை அடி முதல் நுனி வரை ஒரே அகலம். வால் மட்டும் முதல் உலகப் போர்க்கால ஜெர்மன் ஃபோக்கர் போர் விமானச் சாயலில் வளைந்திருக்கும். பெயரிலேயே 'அசிங்கம்' இருக்கிறது, ஆனால் புதிதாகக் கட்டுபவருக்கு இதைவிட நல்ல வடிவம் எனக்குத் தெரியாது. இறக்கை ஒரே அகலம் என்பதால் எல்லா ரிப்பும் ஒரே அளவு. ஒரு பிளைவுட் அச்சு வெட்டிவிட்டால் மொத்த ரிப்பையும் அதை வைத்தே அறுத்துவிடலாம்.

மூல பிளானின் இறக்கை 60 அங்குலம். நான் அதை 75 சதவீதமாகச் சுருக்கி 45 அங்குலத்தில் கட்டினேன். ஏன் 75 என்றால், மரத்தின் தடிமனும் கூடவே ஒழுங்காகச் சுருங்குகிறது. 1/8 அங்குலப் பலகை 3/32 ஆகிவிடும், 1/4 அங்குலக் குச்சி 3/16 ஆகிவிடும். இரண்டுமே பால்சா வழக்கமாக வரும் அளவுகள். வேறு சதவீதத்தில் சுருக்கினால் ஒவ்வொரு துண்டையும் தேய்த்து அளவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

இப்போது மரம். இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி விமானம் மரம் பொறுக்குவதிலேயே முடிந்துவிடுகிறது.

என் அப்பா ஃபவுண்டரியில் பேட்டர்ன் மேக்கர். வார்ப்படம் ஊற்றுவதற்கு முன் மரத்தில் அச்சு உருவம் செய்யும் வேலை, நாற்பது வருஷம் செய்தார். பால்சா பார்சல் வந்த அன்று எழுபத்து நாலு வயதில் முதல் தடவையாக அந்த மரத்தைக் கையில் எடுத்தார். நகத்தால் அழுத்திப் பார்த்தார், பள்ளம் விழுந்தது. "இதென்னடா கண்ணு, மரமா பஞ்சா?" என்றார். அப்புறம் யாரும் கேட்காமலே பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, லேசாக வளைத்து, மூன்று அடுக்காகப் பிரித்து வைத்துவிட்டார். நான் ஒரு வாரமாகப் படித்து வைத்திருந்த விஷயத்தை அவர் கை பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டது.

பால்சாவில் ரேகையைப் பொறுத்து குணம் மாறும். ஒருவகைப் பலகை அகலவாக்கில் அப்படியே குழாய் மாதிரி வளையும். இறக்கையின் முன்பகுதியை மூட அதுதான் வேண்டும். இன்னொருவகையில் குறுக்கே மினுமினுவென்று சின்னப் புள்ளிகள் தெரியும். அதை வளைத்தால் பிளந்துவிடும், ஆனால் விறைப்பாக நிற்கும். ரிப்புக்கு அதுதான். இரண்டுக்கும் நடுவில் இருப்பது மற்ற இடங்களுக்கு. இதை மாற்றிப் போட்டுவிட்டு, பால்சா உடைகிறது என்று திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எடையும் அப்படித்தான். 36 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1/16 அங்குலத் தடிமன் கொண்ட இரண்டு பலகைகள். பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. சின்ன டிஜிட்டல் தராசில் வைத்தால் ஒன்று 12 கிராம், இன்னொன்று 21. ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் அதன் எடையைப் பென்சிலால் எழுதி வையுங்கள். கனமானது மூக்குப் பக்கம், லேசானது வால் பக்கம். விலையைப் பற்றி அழாதீர்கள். பால்சா பெரும்பாலும் எக்குவடாரிலிருந்து வருகிறது. காற்றாலை இறகுகளின் உள்ளே வைப்பதற்கும் அதே மரம்தான். 2019, 2020 வாக்கில் அந்தத் தேவை எகிறி விலையும் எகிறியது. அதனால் ஒரு துண்டையும் குப்பையில் போடாதீர்கள்.

மின் மோட்டாருக்காக என்ன மாற்ற வேண்டும் என்று கேட்கிறீர்கள். பழைய பிளான்கள் குளோ எஞ்சினை நினைத்து வரையப்பட்டவை. எஞ்சின் அதிரும், எண்ணெய் கக்கும். அதைத் தாங்க ஃபயர்வால், அதாவது எஞ்சினை மாட்டும் மூக்குப் பலகை, தடிமனாக இருக்கும், உடலின் உள்பக்கம் பிளைவுட் ஒட்டி பலப்படுத்தியிருப்பார்கள். மோட்டாருக்கு அவ்வளவு வேண்டாம். நான் ஃபயர்வாலுக்கு 3 மில்லி பிர்ச் பிளைவுட் போட்டேன். உள்பக்க பிளைவுட்டை மெல்லியதாக்கி நடுவில் ஓட்டைகள் போட்டேன். எண்ணெய் ஊறாமல் இருக்கப் பூசும் எபாக்ஸியும் மிச்சம். அதற்காக ஃபயர்வால் ஒட்டுவதில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். அங்கே எபாக்ஸிதான். மற்ற மரவேலைக்கு ஃபெவிகாலே போதும், பிளான் மேல் பாலித்தீன் தாளை விரித்துவிட்டு ஒட்டுங்கள். அவசரத்துக்கு மட்டும் சூப்பர் க்ளூ.

என் கணக்கைச் சொல்கிறேன், அப்படியே காப்பி அடிக்க வேண்டாம். நூறு கிராம் எடையுள்ள 1000 கேவி (சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 1000 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டார், 10x6 அங்குல புரொப்பெல்லர், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 40 ஆம்பியர் இஎஸ்சி, மூன்று செல் 2200 எம்ஏஎச் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. வாட் மீட்டரில் முழு த்ராட்டிலுக்கு 28 ஆம்பியர், சுமார் 310 வாட் காட்டியது. பறக்கும் எடை 1,180 கிராம். கிலோவுக்கு 200 வாட் இருந்தாலே ஸ்டிக் நன்றாகப் பறக்கும், எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது. த்ராட்டிலை நிதானமாக வைத்தால் எட்டு நிமிஷம் பறக்கலாம். சூடு தணிய மூக்கில் காற்று நுழைய வழி விட்டால், பின்னால் அது வெளியேற அதைவிடப் பெரிய வழி விட வேண்டும். நுழைவாசல் போலச் சுமார் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நான் செய்த தப்பு. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

குளோ எஞ்சினோடு சைலன்சரையும் சேர்த்தால் மூக்கில் நல்ல கனம். மோட்டார் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அப்படியென்றால் பேட்டரியை ஃபயர்வாலோடு ஒட்டி முன்னால் தள்ளினால்தான் எடை சமனாகும். இது எனக்குத் தெரியும். ஆனால் மூக்குக்கும் இறக்கைக்கும் நடுவில் இருக்கும் தடுப்புப் பலகையின் ஓட்டை பேட்டரி நுழையும் அளவுக்குப் பெரிதாக இல்லை. உடலை ஒட்டி, தேய்த்து, மேலே மூடும் பிளாஸ்டிக் ஃபிலிம் போட்டு முடித்தபிறகுதான் பார்த்தேன். வெட்ட மனசு வரவில்லை. பேட்டரியை இறக்கைக்கு அடியிலேயே வைத்துக் கட்டிவிட்டேன். வாலையும் முழுப் பலகையில் வெட்டியிருந்தேன், அதுவும் கனம்.

சி.ஜி., அதாவது விமானத்தின் எடை சமனாக நிற்கும் புள்ளி, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் 25 முதல் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். என் இறக்கை அகலம் 9 அங்குலம், அதாவது 229 மில்லி. 64 மில்லியில் இருந்திருக்க வேண்டியது 87 மில்லியில் இருந்தது. மைதானத்தில் ஒரு பெரியவர் இறக்கைக்குக் கீழே இரண்டு விரலை வைத்துத் தூக்கிப் பார்த்தார். "வால் கனமா இருக்குதுங்க தம்பி. இன்னைக்கு வேண்டாம், மூக்கைச் சரி பண்ணிட்டு வாங்க" என்றார். நான்கு மாத வேலை, விடிகாலை, காற்றே இல்லை, மகள் பக்கத்தில் நிற்கிறாள். நான் கேட்கவில்லை.

ஏறும்போதே மூக்கைத் தூக்கியது. இறக்கினால் குத்திக்கொண்டு வந்தது, லேசாகத் தூக்கினால் நட்டுக்கொண்டு நின்றது. ரேடியோவின் கண்ட்ரோல் குச்சியை ஒரு நூல் அசைத்தால் அது ஒரு முழம் ஆடியது. மூன்றாவது தடவை நட்டுக்கொண்டு நின்றபோது வேகம் செத்து இடது இறக்கை சரிந்து, தென்னைமர உயரத்திலிருந்து விழுந்தது. மொத்தம் நாற்பது விநாடி இருக்கும்.

அந்த இறக்கைக்கு மஞ்சள் ஃபிலிமை அயர்ன் பண்ணி ஒட்டியது என் மகள். எட்டாம் வகுப்பு. ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது கிழிந்த ஃபிலிமுக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டிருந்தாள். "அப்பா, எண்ணிட்டேன். நாலு ரிப்புதான் ஒடஞ்சிருக்கு. ஸ்பார் நல்லாருக்கு" என்றாள். ஸ்பார் என்பது இறக்கை நெடுக ஓடி அதைத் தாங்கும் குச்சி.

இதற்குத்தான் கட்ட வேண்டும் என்கிறேன். ஃபோமையும் ஒட்டலாம், நானும் ஒட்டியிருக்கிறேன், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் உள்ளே எது எதைத் தாங்குகிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. எது உடைந்தால் பரவாயில்லை, எது உடைந்தால் இறக்கையே போச்சு என்று தெரிந்திருந்தது.

இதை எழுதும்போதே கோபம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லாததுதான், ஆனாலும் சொல்கிறேன். அவள் பள்ளியில் கால அட்டவணையில் வாரம் இரண்டு கைவினைப் பீரியட் இருக்கிறது. ஜூனில் ஆரம்பித்து ஒன்றுகூட நடக்கவில்லை. ஒன்றைக் கணக்கு ஆசிரியரும் இன்னொன்றை அறிவியல் ஆசிரியரும் எடுத்துக்கொள்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "அதெல்லாம் மார்க் இல்லாத பாடம் சார்" என்று பதில் வந்தது. மற்ற பெற்றோரும் தலையாட்டினார்கள். கோணமானியை வைத்து மோட்டாரை இரண்டு டிகிரி வலப்பக்கம் திருப்பி வைத்தவள் அவள். 229-ல் 28 சதவீதம் எவ்வளவு என்று தரையில் உட்கார்ந்து போட்டவள் அவள். அது கணக்கு இல்லையாம். என் அப்பாவுக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் அதை மார்க்குக்காகவா கற்றுக்கொடுத்தார்கள்? இதைப் படிக்கும் ஆசிரியர்கள் என்மேல் வருத்தப்படலாம். உங்களுக்கு மேலே இருந்து வரும் நெருக்கடி தெரியும். ஆனாலும் அந்த இரண்டு பீரியடைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

சரி, விமானத்துக்கு வருகிறேன். அப்பாதான் முதலில் கத்தியை எடுத்தார். நான் தயங்கிய அந்தத் தடுப்புப் பலகையை மேல்பக்கமாகத் திறந்து, மெல்லிய ரம்பத் தகட்டால் சீவிச் சீவி ஓட்டையைப் பெரிதாக்கினார். மோட்டாரை நீளமான ஸ்பேஸர் வைத்து முன்னால் தள்ளினேன், அவற்றை என் லேத்திலேயே அலுமினியத்தில் கடைந்தேன். பேட்டரி 180 கிராம். அது 15 சென்டிமீட்டர் முன்னால் போனதும் சி.ஜி. 23 மில்லி முன்னால் வந்து சரியாக 64-ல் நின்றது. ஒரு கிராம் ஈயம்கூட வைக்கவில்லை. பழைய பிளானில் எரிபொருள் டேங்க் இருந்த இடத்துக்கு மேலே காந்தம் வைத்த மூடி. இறக்கையைக் கழற்றாமலே பேட்டரி மாற்றலாம். புது வாலைக் குச்சிகளாலேயே கட்டினோம், பழையதில் பாதி எடைதான் வந்தது. வால் குறைந்ததில் சி.ஜி. இன்னும் கொஞ்சம் முன்னால் போனது, பேட்டரியை அரை அங்குலம் பின்னால் இழுத்துச் சரி செய்தேன்.

இரண்டாம் தடவை பறந்தபோது குச்சியிலிருந்து கையை எடுத்தேன். அது பாட்டுக்கு நேராகப் போனது. சூரியன் பட்டு மஞ்சள் ஃபிலிமுக்குள்ளே ரிப்பெல்லாம் நிழலாகத் தெரிந்தன, ஒட்டுப்போட்ட நான்கும் சேர்த்து.

உங்களுக்கு இன்னும் சில விஷயங்கள். ட்ரோன் விதிகள் 2021 வந்தபிறகு எங்கே வேண்டுமானாலும் பறக்கவிட முடியாது. 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகையில் வரும். உங்கள் இடம் சிவப்பா மஞ்சளா பச்சையா என்று அரசின் வான்வெளி வரைபடத்தில் முதலில் பாருங்கள். எங்களுக்கு ஒருபக்கம் சூலூர் விமானப்படைத் தளம், இன்னொருபக்கம் பீளமேடு விமான நிலையம். வண்டியில் தூரமாகப் போய்த்தான் பறக்கவிடுகிறோம். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆளையே தள்ளும், அந்த மாதங்களில் கட்டுங்கள், பறக்கவிடாதீர்கள். லைப்போவை சார்ஜில் போட்டுவிட்டு வெளியே போகவே கூடாது. பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். மேசைமேல் வைத்து ரேடியோ செட்டிங் பார்க்கும்போதெல்லாம் புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். மின் மோட்டார் எஞ்சின் மாதிரி முன்னறிவிப்பு தராது, நினைக்காத நேரத்தில் சுற்றிவிடும்.

அப்புறம், உங்கள் பேட்டரியை முதலில் வாங்கிவிடுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தத் தடுப்புப் பலகையின் ஓட்டைக்குள் நுழைத்துப் பார்த்துவிட்டு, அதன்பிறகு பக்கப் பலகைகளை ஒட்டுங்கள்.