ஆதாரம் கேட்கிறார்களா? குலுக்கல் போடுங்கள்

வணக்கம். உங்கள் தொண்டு நிறுவனம் அங்கன்வாடிகளுக்குக் கூடுதல் ஆள் தருகிறது, அதிகாரி 'பலனுக்கு ஆதாரம் எங்கே' என்கிறார். கேட்பது நியாயம்தான். விருப்பப்பட்டுச் சேர்ந்த மையங்களின் கணக்கு எடுபடாது; அவை முன்பே நன்றாக நடந்தவையாக இருக்கலாம்.

தமிழ்நாட்டில் அரசும் ஆய்வாளர்களும் சேர்ந்து இதையே சோதித்திருக்கிறார்கள். 640 மையங்களில் குலுக்கல் போட்டு 320-க்கு மட்டும் ஒரு அரைநாள் பணியாளரைத் தந்தார்கள். அங்கே பாடம் நடக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கும் மொழியும் கூடுதலாக வந்தன.

நீங்களும் அடுத்த சுற்று மையங்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன்பே பிள்ளைகளின் நிலையை அளந்துவிடுங்கள். அளப்பவர் வெளி ஆய்வாளராக இருக்கட்டும். அப்புறம், முடிவு பாதகமாக வந்தாலும் வெளியிடலாம் என்று அதிகாரியிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். அவர் மாற்றலாகிப் போனால் வாய்ப்பேச்சு செல்லாது.