வைஃபை மட்டும் உள்ள டேப் போதுமா, சிம் போடும் வகை வேண்டுமா?

கேட்டிருப்பது இதுதான்: படிக்க, படம் பார்க்க, பயணத்தில் கொஞ்சம் வேலை பார்க்க ஒரு டேப் வேண்டும். பெட்டியில் வைஃபை 6, எல்டிஇ, ப்ளூடூத் 5.3 என்று என்னென்னவோ போட்டிருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

இதுவரை மூன்று டேப் வாங்கியிருக்கிறேன். முதலாவதில் சிம் போடலாம் (பெட்டியில் எல்டிஇ என்று போட்டிருப்பது இதைத்தான்). மூன்று வருஷம் வைத்திருந்தேன், ஒருநாள்கூட சிம் போட்டதில்லை. சிம் தட்டை வெளியே எடுக்கக் கொடுத்த ஊசி உறை பிரிக்காமலே பெட்டியில் கிடந்தது. வீண் செலவு என்று தோன்றியதால் இரண்டாவதை வைஃபை மட்டும் உள்ளதாக வாங்கினேன்.

வாங்கிய மாதமே ஒரு நெடும் பயணம். பெரிய திரையில் வழி பார்க்கலாமே என்று செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, டேப்பில் மேப்பைத் திறந்து காரின் முன்னால் சாய்த்து வைத்தேன். ஊருக்குள் நீலப் புள்ளி ஒழுங்காக நகர்ந்தது. நெடுஞ்சாலை ஏறியதும் நின்றுவிட்டது. நாங்கள் இருபது கிலோமீட்டர் தாண்டியும் அது பழைய பெட்ரோல் பங்க் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. நெட் நன்றாகத்தான் இருந்தது. டேப்புக்குள் ஜிபிஎஸ் சிப் இல்லை, அவ்வளவுதான். ஊருக்குள் அது சுற்றியிருக்கும் வைஃபைகளை வைத்து இடத்தைக் கணித்திருக்கிறது. வெட்டவெளியில் கணிக்க எதுவும் இல்லை.

ஐபேடிலும் இதே பிரிவு உண்டு: சிம் வகையில் ஜிபிஎஸ் இருக்கும், வைஃபை மட்டும் உள்ள வகையில் இருக்காது. ஆண்ட்ராய்டில் மாடலுக்கு மாடல் மாறும், விவரப் பட்டியலில் அந்த ஒரு வரியைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

இந்தக் கதையைச் சொல்லக் காரணம், சிம் வேண்டுமா வேண்டாமா என்பதுதான் பின்னால் மாற்ற முடியாத முடிவு. ரவுட்டரை மாற்றலாம், ப்ளூடூத் ஹெட்போனை மாற்றலாம். சிம் இல்லாத டேப்பில் அதைப் பிறகு சேர்க்க வழியே இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வெளியே உட்கார்ந்து வேலை பார்ப்பவர் என்றால் சிம் வகையே வாங்குங்கள். ஹாட்ஸ்பாட்டிலும் வேலை ஓடும்தான், ஆனால் மதியத்துக்குள் செல்போன் சார்ஜ் கரைந்து, கடைசியில் இரண்டுமே கையில் இருந்தும் யாருக்கும் பேச முடியாமல் போகும். மாதம் ஒருமுறை பயணம் என்றால் ஹாட்ஸ்பாட் தாராளமாகப் போதும். சிம் வகை வாங்குவதானால் இரண்டு விஷயம் பாருங்கள். சில டேப்களில் சிம் டேட்டாவுக்கு மட்டும்தான், அழைப்பு வராது. அப்புறம், வேறு நாட்டில் விற்கும் மாடலை வரவழைத்தால் உங்கள் சிம் நிறுவனத்தின் அலைவரிசை அதில் இல்லாமல் போகலாம்.

சரி, வைஃபைக்கு வருவோம். பெட்டியில் இருக்கும் 4, 5, 6 எல்லாம் தலைமுறை எண்கள். 2018-இல்தான் இப்படிப் பெயர் வைத்தார்கள். அதற்கு முன் 802.11 என், ஏசி, ஏஎக்ஸ் என்று எழுத்துகளாக இருந்தது, பல விவரப் பட்டியல்களில் இன்னும் அப்படியே இருக்கிறது. மலிவான டேப்பில் 'பி/ஜி/என்' என்பதோடு பட்டியல் முடிந்தால் உஷார். பெரும்பாலும் அதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசை மட்டும்தான் தெரியும். 'ஏசி' என்ற எழுத்து இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸும் உண்டு.

இது ஏன் முக்கியம்? 2.4 சுவரைத் தாண்டி நன்றாகப் போகும், ஆனால் நெரிசல். பக்கத்து வீட்டு ரவுட்டர்கள், ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான். என் பழைய டேப்பில் படம் ஓடும்போது சமையலறையில் யாராவது சாப்பாடு சூடு பண்ணினால் படம் சுற்ற ஆரம்பிக்கும். அடுப்பு 'டிங்' என்றதும் சரியாகிவிடும். ஆறு மாதம் இணைய நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, நெரிசல் குறைவு, ஆனால் இரண்டு சுவர் தாண்டினாலே சோர்ந்துவிடும். அதனால் இரண்டும் இருக்கும் டேப்தான் வேண்டும். இன்னொன்று: ரவுட்டர் பெயரின் கடைசியில் '5ஜி' என்று வருவதற்கும் செல்போன் 5ஜி-க்கும் சம்பந்தமே இல்லை. அது ஐந்து கிகாஹெர்ட்ஸ், இது ஐந்தாம் தலைமுறை.

வைஃபை 6-க்காக அதிகம் கொடுக்கலாமா? ரவுட்டரும் 6 ஆக இருந்தால்தான் பலன், அதுவும் வீட்டில் பத்து இருபது கருவிகள் ஒரே நேரத்தில் ஓடும்போதுதான் நன்றாகத் தெரியும். முழு எச்டி படம் ஓட நொடிக்கு 5 மெகாபிட் அளவே போதும். பெட்டியில் போடும் நூற்றுக்கணக்கான மெகாபிட்டில் நிஜத்தில் பாதி கிடைத்தால் பெரிது, ஆனால் படத்துக்கு அதுவே தாராளம். அந்தப் பணத்தைக் கூடுதல் மெமரிக்குக் கொடுப்பேன்.

ப்ளூடூத் எண்ணைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். ஹெட்போன், கீபோர்டு எல்லாம் பழைய எண்ணோடும் ஒத்துப்போகும்.

நீங்கள் சொன்ன உபயோகத்துக்கு 2.4, 5 இரண்டும் உள்ள வைஃபை டேப் போதும் என்பது என் அபிப்பிராயம். பயணத்தில் மேப் பார்ப்பீர்கள் என்றால் ஜிபிஎஸ் வரியையும் பாருங்கள், இல்லையென்றால் செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். வாங்கும் முன் ஒரு சோதனை: வீட்டில் டேப்போடு சாய்ந்து உட்காரப்போகும் மூலைக்குச் செல்போனை எடுத்துப்போய், 5 கிகாஹெர்ட்ஸ் பெயரில் இணைத்து ஒரு படம் ஓட்டிப் பாருங்கள். அங்கே அது திணறினால் எந்த டேப் வாங்கினாலும் திணறும். முதலில் ரவுட்டரை இடம் மாற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.