சயாமுக்கு ரயில் ஏறினேன்

"முதல்முறை போனபோது உங்களைத் திணறடித்த ஆசிய நகரம் எது, அங்கே முதலில் கண்ணில் பட்டது என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது பாங்காக். 2023-இல் போனேன்.

நான் சுங்கை சிப்புட்காரன். மலேசியாவின் பேராக்கில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் பழைய ஊர். சாயங்காலம் பெரிய சாலையில் நாலு லாரி சேர்ந்து நின்றாலே எங்களுக்கு அது ஜேம்.

எங்கள் வீட்டில் பாங்காக் என்று யாரும் சொல்வதில்லை, தாய்லாந்தின் பழைய பெயரான சயாம்தான். பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஜப்பான்காரன் காலத்தில் அவருடைய அண்ணனைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 1942 செப்டம்பரில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த 415 கிலோமீட்டர் பாதை. தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் செத்தார்கள். பாட்டியின் அண்ணன் திரும்பி வரவே இல்லை. இன்றைக்கும் கடைக்குப் போனவன் வர நேரமானால் பாட்டி, "என்ன, சயாமுக்கா போயிட்டான்?" என்பார்.

அதனாலேயே விமானம் வேண்டாமென்று ரயிலில் போனேன். எல்லையில் இருக்கும் பாடாங் பெசாரில் இரண்டு நாட்டுக் குடிநுழைவும் ஒரே கட்டடத்தில் முடிந்துவிடுகிறது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்துக்கொண்டு ஏறினால், நிற்பது இரண்டே பெட்டி. மீதியை ஹாட் யாயில் சேர்க்கிறார்கள். ராத்திரி ஓர் ஆள் வந்து இருக்கைகளை மடக்கி மெத்தை விரித்துக் கொடுத்தார். மறுநாள் காலை நோங் பிளாடுக் என்ற பலகை ஜன்னலைத் தாண்டிப் போனது. பாட்டியின் அண்ணன் போன அந்தப் பாதை பிரிகிற இடம் அதுதான். செல்பேசியை எடுப்பதற்குள் போய்விட்டது. எதிரே இருந்த அம்மா கோழியும் ஒட்டும் பசையரிசிச் சோறும் தின்றுகொண்டிருந்தார், எனக்கும் கொஞ்சம் நீட்டினார்.

சரி, நகரத்துக்கு வருவோம். புது ரயில் நிலையத்துக்குள் சுங்கை சிப்புட் டவுனையே வைத்துப் பூட்டிவிடலாம். வெளியே வந்ததும் முகத்தில் அடித்தது வெக்கை, அப்புறம் கரியடுப்பில் இறைச்சி வாட்டும் புகை. நடைபாதையில் பாதி ஒட்டுக்கடை, மீதியில் மனிதர்கள், அந்த மீதியிலும் ஆரஞ்சு சட்டைக்கார மோட்டார் டாக்சி. முதல் நாளே ஒரு டுக் டுக் ஆட்டோக்காரர், "அரண்மனை இன்றைக்கு மூடியிருக்கிறது" என்று சொல்லி என்னை ஒரு நகைக்கடை வாசலில் கொண்டுபோய் இறக்கினார். அது ஊரறிந்த பழைய தந்திரமாம். எனக்குத் தெரியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது சேன் சேப் கால்வாய்ப் படகு. தண்ணீர் கறுப்பு. படகு அணைந்தும் அணையாமலும் இருக்கும்போதே ஏறிவிட வேண்டும், அது யாருக்காகவும் காத்திருக்காது. டிக்கெட் கொடுப்பவர் தலைக்கவசம் போட்டுக்கொண்டு, படகின் வெளி விளிம்பில் ஒரு கையால் தொற்றியபடியே வருகிறார். ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் கையில் ஒரு கயிறு. எதிர்ப்படகு வந்தால் அதை இழுக்க வேண்டும், பக்கத்துத் தார்ப்பாய் மேலே ஏறித் தண்ணீர் தெறிக்காமல் மறைக்கும். கயிறு என் பக்கம் இருந்தது தெரியாமல் நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண், என் தோளுக்கு மேல் கையை நீட்டி, கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே இழுத்தார். அடுத்த தடவை நானே இழுத்தேன். அதற்குள் பாதி நனைந்திருந்தேன்.

இன்னொன்று: மாலை ஆறு மணிக்கு மேம்பால ரயில் நிலையத்தில் அவர்கள் நாட்டுப் பண் ஒலித்தது. ஓடிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்றது. நான் மட்டும் நாலடி நடந்துவிட்டு அசடு வழிய நின்றேன்.

சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குக் கடைசியில் போனேன். 1879-இல் தமிழர் கட்டியது. அங்குள்ளவர்கள் வாட் கேக் என்கிறார்கள். கேக் என்றால் விருந்தாளி, இந்தியர்களுக்கும் அதே சொல்தான். வாசலில் தேங்காய், வாழைப்பழம், சாமந்தி மாலை எல்லாம் தட்டில் தயாராக விற்கிறது. வாங்குபவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். எனக்கு முன்னால் மண்டியிட்டிருந்த பையன் கண்ணை மூடி அவன் மொழியில் ஏதோ நீளமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். குருக்கள் தமிழில் "எந்த ஊர்?" என்றார். சொன்னேன். "மலேசியாவா?" என்று தலையாட்டிவிட்டுக் குங்குமம் கொடுத்தார்.

அன்று ராத்திரி பாட்டிக்குப் போன் போட்டேன். கோயில், படகு, சோறு எல்லாம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "ம்" மட்டும்தான். கடைசியில், "திரும்பி வர டிக்கெட் எடுத்துட்டியா?" என்றார். எடுத்துவிட்டேன் என்றேன். தேதியையும் ரயில் புறப்படும் நேரத்தையும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார். ஊருக்கு வந்து பார்த்தால், சமையலறைக் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி யாரோ ஒரு வட்டம் போட்டிருந்தார்கள்.